ஸ்பென்ஸர் நாம விசாரம்

ஒருவருடைய குலப்பெயர், முப்பாட்டனார் பார்த்த உத்தியோகத்தைச் சந்ததிதோறும் தொடர்ந்து செய்விக்குமா, அன்றி உத்தியோகம் போனபின் வெறும் ஓசையாய்த் தேய்ந்துவிடுமா என்னும் மகத்தான பிரச்னையைப் பண்டிதர்கள் உரிய கௌரவத்துடன் கவனியாத காரணத்தால், ஸ்பென்ஸர் என்னும் ஆங்கில நாமத்தை மட்டும் இங்கே விசாரிக்கத் துணிந்தோம்.

பதப்பொருள் முதலில். பிரபுக்களின் மாளிகையில் சாமான் அறைச் சாவியை வைத்துக்கொண்டு, அன்றாடப் படியை அளந்து கொடுத்த உக்கிராணக்காரருக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்த பெயர் இது. ஆகவே, சேர்த்து வைப்பதும் அளந்து கொடுப்பதுமே ஸ்பென்ஸர் தர்மம் என்பது எமது சித்தாந்தம்.

பிரமாணங்களைப் பார்ப்போம். ஆட்டுமந்தையால் செல்வம் சேர்த்த ஆல்தார்ப் ஸ்பென்ஸர்களின் வம்சத்தில் இரண்டாம் பிரபு, மூட்டை அடுக்குவதுபோல் புஸ்தகங்களை அடுக்கினார்; பேரனோ 1892-இல் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அந்நூல்களை விற்றுவிட, அவை மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூலகமாகிப் பொதுஜனங்களுக்கு விநியோகமாயின. கணப்படுப்பின் முன் நின்று வால் தீய்ந்த கோட்டை அந்தப் பாட்டனார் அப்படியே கத்தரித்து அணிந்தார் என்று ஒரு கதை உண்டு. வாலில்லாத அந்தக் குட்டைச் சட்டைக்கும் ஸ்பென்ஸர் என்றே பெயர். துணியைக்கூட அளந்தே செலவிட்டார் என்க.

'தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் எதை அளந்தார்?' என்பது பூர்வபக்ஷம். பிரபஞ்சம் முழுவதையும் தம் சித்தாந்தத்துள் அடக்கி, 1860 முதல் சந்தாதாரர்களுக்குத் தவணை தவணையாக அனுப்பியவர் அவர். தகுதியுள்ளதே பிழைக்கும் என்ற வாசகத்தை 1864-இல் உலகுக்கு வழங்கியவரும் அவரே. அதற்கும் முன்னால், உதிரித் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பி ஊசி ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார் என்பதையும் கவனிக்க. உக்கிராண புத்தி எங்கே போகும்?

வணிகத்தில் ஐயத்துக்கே இடமில்லை. லீட்ஸ் சந்தையில் 1884-இல் எதுவானாலும் ஒரு பென்னி என்று கடை விரித்த மைக்கேல் மார்க்ஸுடன், காசாளராயிருந்த டாம் ஸ்பென்ஸர் முன்னூறு பவுன் போட்டு 1894-இல் கூட்டுச் சேர்ந்தார்.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1863-இல் சார்லஸ் டுரன்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்ஸரும் தொடங்கிய கடையோ, சோடாவும் சுருட்டும் விற்றதோடு ரயில்வே ஸ்டேஷன்களில் சாப்பாடும் பரிமாறி, நாமத்தின் ஆதிப்பொருளுக்கே திரும்பிவிட்டது. சாவி உள்ளவன் பெயரே நிலைக்கும் என்பது முடிபு: டுரன்ட் பிளாஸாவுக்கு எந்த பஸ் போகும் என்று எவரும் கேட்பதில்லை.