அரைநாள் வனவாசி

வனவாசம் பதினான்கு ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்ற பழைய விதி இராமாயணத்தோடு வழக்கொழிந்துவிட்டதால், விடியற்காலையில் வேனில் ஏறி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பி, நடுவே ஏதோ ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்ததை ஆயுளுக்கும் போதுமான கானக அனுபவமாக வரவு வைத்துக்கொள்ளும் ஒரு வகையினர் இன்று தமிழகத்தில் பல்கிப் பெருகியுள்ளனர். இவர்களை அரைநாள் வனவாசிகள் எனலாம். ஏற்காடு, குற்றாலம், முதுமலை என எல்லா வழித்தடங்களிலும் இவ்வினம் தென்பட்டாலும், அதன் கலப்பற்ற மாதிரியைக் காண விரும்புவோர் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கம் செல்வது நலம். ஏனெனில் இப்பகுதியாருக்குக் காடு என்றால் அது பிச்சாவரம்தான்.

நல்லூர் வனவாசி பொதுவாக நாற்பத்தைந்தைக் கடந்தவர்; விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலோடு ஏதேனும் ஒரு வகையில் பிழைப்புத் தொடர்பு உடையவர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையால் வளர்ந்த இத்தொழிலில், பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கேரியர் எனப் பலவும் செய்யப்படுகின்றன. பாரிஸ் சாந்தால் செய்த அச்சில் களிமண் குழம்பை ஊற்றினால், சாந்து நீரை உறிஞ்சிக்கொள்ள, அச்சின் உட்சுவரை ஒட்டித் தோலாகப் படியும் மண்ணே காய்ந்து, சூளையில் வெந்து, பிள்ளையாராகவோ வாத்தாகவோ வெளிவருகிறது. எந்தக் குழம்பு படியும், எது வெடிக்கும் என்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மண்ணைத் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர் இவர். மண் விஷயத்தில் இவருக்குத் தெரியாதது குறைவு என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நிகழப்போவதன் சுவை கூடும்.

படகேறி வனம் காணும் வேட்கை இவருக்குக் கைப்பேசியிலிருந்து பிறக்கிறது. உறக்கம் வராத ஓர் இரவில் நார்வே நாட்டு ஃபியார்டு ஒன்றின் காணொளி அவர் கண்ணில் படுகிறது. மலைமீது காலங்காலமாகப் பெய்து இறுகிய பனி தன் எடையாலேயே மெல்ல வழிந்திறங்குவது பனியாறு. அது பள்ளத்தாக்கை ஆழமாகச் செதுக்கிவிட்டு உருகிப் பின்வாங்கியபின், அப்பள்ளத்தில் கடல் புகுந்து நிற்பதே ஃபியார்டு எனப்படும். நார்வேயின் மிக நீளமான சோக்னே ஃபியார்டு 205 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் நீள்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே அசையாத நீர், ஆளரவமற்ற காடு, அதனூடே ஒரு வெள்ளைப் படகு என்று விரியும் அக்காட்சியில் மனம் பறிகொடுத்தவர், மறுநாள் காலை விமானக் கட்டணத்தை விசாரித்து, அன்று மாலையே பிச்சாவரத்துக்கு வேன் பேசிவிடுகிறார். போகுமுன்பே அவ்விடத்துக்கு 'நம்ம ஊரு நார்வே' என்ற பட்டமும் சூட்டப்பட்டுவிடுகிறது.

இப்பட்டத்தைக் காட்டிலும் தவறான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஃபியார்டு நிலத்தைத் தோண்டி எடுத்ததனால் உண்டானது. பிச்சாவரமோ நிலத்தைக் கொண்டுவந்து கொட்டியதனால் உண்டானது. வடக்கே பரங்கிப்பேட்டை அருகில் வெள்ளாறும், தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்க, இவ்விரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே ஆறுகளின் வண்டலும் கடலின் உப்பும் சேர்ந்து அமைத்த சேற்றுப் பரப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளும் அவற்றைப் பிரிக்கும் எண்ணற்ற நீர்க்கால்களுமாக இக்காடு கிடக்கிறது. கால்வாய்களின் எண்ணிக்கை 4,400 என்று சுற்றுலாக் கையேடுகள் கூசாமல் அச்சிடுகின்றன. எண்ணி முடித்தவர் இன்னும் உள்ளேயே வழிதேடிக்கொண்டிருக்கக்கூடும். உவர்நீரில் வேரூன்றி வளரும் இத்தகைய மரக்கூட்டம் அலையாத்திக் காடு எனப்படும். உலகளவில் முக்கியமான ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்கீழ், சுமார் 1,478 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம் 2022இல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. படகோட்டி இதைப் பெருமையோடு சொல்லும்போது, ராம் சார் என்பவர் வனத்துறையில் பெரிய அதிகாரியாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, வனவாசி மரியாதையோடு தலையசைக்கிறார்.

பயணத்தின் முற்பகுதியைச் சுருக்கிவிடலாம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு டின், பிளாஸ்டிக் குடம், இரண்டு அத்தைமார், கணக்கில் வராத குழந்தைகள் என நிறைந்த வேன், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் சேர்கிறது. வழியில் ஆங்காங்கே எதிர்ப்படும் வெள்ளாறு எவர் கண்ணிலும் படுவதில்லை. நடராசரைத் தரிசித்தபின், கிள்ளையைக் கடந்து படகுத் துறையை அடைந்ததும், வனவாசியின் ஆளுமை முதன்முறையாக வெளிப்படுகிறது.

துறையில் துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. துடுப்புப் படகு மெல்லச் செல்வது. ஆனால் இருபுறமும் மரக்கிளைகள் தலைக்கு மேலே பின்னிக் கூரை வேய்ந்த குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய வல்லது. மோட்டார் படகு விரைந்து செல்வது. ஆனால் அகன்ற நீர்ப்பரப்போடு பெரும்பாலும் நின்றுவிடுவது. வனவாசி யோசிப்பதே இல்லை. கொடுத்த காசுக்கு வேகம் வேண்டும் என்பது அவரது பொருளியல். மெதுவாகப் போவதற்குப் பணம் கேட்பவனை அவர் ஏமாற்றுக்காரன் என்றே கருதுவார். இருக்கை தீர்ந்துபோனதால் வேறு வழியின்றித் துடுப்புப் படகில் ஏற்றப்படும்போதுதான், அதாவது அவரது விருப்பத்துக்கு மாறாகவே, அவருக்குக் காடு காணக் கிடைக்கிறது.

படகில் அமர்ந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் காட்டுக்கு முதுகைக் காட்டுவது. தாமாக எடுக்கும் படத்தில் தாமும் காடும் ஒருங்கே விழ வேண்டுமாயின் இதைத் தவிர வேறு நிலை இல்லை என்பதால், அவர் நெடுநேரம் அத்தை முகத்தைப் பார்த்தபடியே வனத்தைக் கடக்கிறார். இரண்டாவது காரியம் பாட்டுப் போடுவது. பாட்டுக்குப் பயந்து கொக்கும் நாரையும் எழுந்து பறந்துவிட, மூன்றாவது காரியமாக அவர் படகோட்டியைக் கேட்கிறார்:

"ஏன் தம்பி, பறவையெல்லாம் நிறைய இருக்கும்னாங்க, ஒண்ணையும் காணுமே?"

"இருந்துச்சு சார், இப்பத்தான் போச்சு" என்கிறார் படகோட்டி. இக்காட்டில் நாள்தோறும் துடுப்பு வலிப்பவர்களின் பொறுமை தனியே ஆராயத்தக்கது.

"முதலை இருக்கா?"

"அது பழைய கொள்ளிடத்துப் பக்கம் சார்."

இவ்விடை அவருக்கு நிம்மதியும் ஏமாற்றமும் ஒருங்கே தருகிறது. ஆழத்தைப் பற்றிய அச்சம் அடுத்து வருகிறது. காணொளியில் கண்ட ஆயிரம் மீட்டர் நினைவுக்கு வர, உயிர்காப்புச் சட்டையின் வாரை இன்னொரு முறை இறுக்குகிறார். அப்போது படகு தரைதட்டிவிட, படகோட்டி இறங்கித் தள்ளுகிறார். தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டவில்லை. இங்கே கடலின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கிவிடுவது. வற்றம், அதாவது நீர் இறங்கும் நேரம், வந்துவிட்டால் ஓரக் கால்வாய்கள் முழங்காலளவுக்குச் சுருங்கிவிடுகின்றன.

சுரபுன்னை மரத்தில் நீண்டு தொங்குவது காயன்று; தாய்மரத்தில் இருக்கும்போதே விதை முளைவிட்டு, கூரிய நாற்றாகி, பின் சேற்றில் செங்குத்தாக விழுந்து வேரூன்றுவது. அலைபாயும் நீரில் விதை அடித்துச் செல்லப்படாமல் இருக்க இம்மரம் கண்ட உபாயத்தைப் படகோட்டி இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வனவாசி அதை உற்று நோக்கி, முருங்கைக்காய் மாதிரி இருக்கிறதே, சாம்பாருக்கு ஆகுமா என்று கேட்கிறார். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள்; காற்றுப் புகாத சேற்றில் புதைந்த வேருக்கு இவை வழியாகவே மூச்சு. முறுக்குப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை இவற்றின்மேல் போய் விழுந்து போர்த்திக்கொள்கிறது. அது யார் கையிலிருந்து நழுவியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும், அவ்வூர் நடராசர் கோயிலின் தலமரமும் இதுவே. காலையில் தில்லைக்கூத்தனை மெய்யுருகக் கும்பிட்ட கை, பிற்பகலில் தில்லைக் கிளையை ஒடிக்க நீளும்போது, "ஒடிக்காதீங்க சார், அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று படகோட்டி பதறித் தடுக்கிறார். வனவாசிக்கு அக்கணமே காடு முழுவதும் நஞ்சாகிவிடுகிறது. ஊர் திரும்பியபின் தாம் உயிர் தப்பிய கதைக்கு வித்து இங்கேதான் விழுகிறது.

அவர் உண்மையாகவே நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்றுதான். 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்.ஜி.ஆர். இக்கால்வாய்களில் நடித்துப்போனார். படகோட்டி கைகாட்டிய திசையை நோக்கி வனவாசி கைகூப்பாத குறையாக எழுந்து நிற்க, படகு ஆட, அத்தைமார் அலறுகின்றனர்.

இவ்வமளியின் நடுவே, பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிப் பழகிய அவர் மனைவி, துடுப்பில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்து, அன்றைய தினத்தின் உருப்படியான ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "இவ்வளவு மண்ணும் எங்கேருந்துப்பா வருது?"

"வெள்ளாத்துலேருந்தும் கொள்ளிடத்துலேருந்தும்க்கா. நீங்க எந்த ஊரு? விருத்தாசலம் பக்கமா? அப்ப உங்க மணிமுத்தாத்து மண்ணும் இதுல இருக்கும்."

படகோட்டி சொன்னதில் பிழையில்லை. கல்வராயன் மலையில் பிறந்து, நல்லூர்ப் பக்கத்து நிலங்களையும் விருத்தாசலத்தையும் கடந்துவரும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து கடலுக்குப் போகிறது. சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாக மரபு கூறும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற சொல்வழக்கே அதிலிருந்து எழுந்தது என்பர். ஒவ்வொரு வெள்ளத்திலும் வனவாசியின் வயல்வரப்பு கரைந்து போய்ச் சேரும் இடங்களுள் ஒன்று இக்காடு. தம் சொந்த மண்ணைப் பார்க்கத்தான் அவர் வேன் வாடகை கொடுத்து வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அந்நேரம் அவர் கைப்பேசியில் தாம் பிச்சாவரத்தில் இருப்பதை யாருக்கோ உரத்த குரலில் அறிவித்துக்கொண்டிருந்தார்.

கரையேறும்போது புதுக் காலணியில் சேறு அப்பிவிட, பழக்கதோஷத்தால் ஒரு சிட்டிகையை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இது அச்சுக்கு ஆகாது" என்று தீர்ப்பளிக்கிறார். இவ்வொரு விஷயத்தில் அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். உப்பேறிய களிமண் அச்சில் ஊற்றும் பதத்துக்குச் சரியாக இளகாது. காய்ந்தபின் மேலே வெண்மையாக உப்புப் பூக்கும். பயணம் முழுவதிலும் அவர் உதிர்த்த ஒரே சரியான கருத்து இதுவாகும்.

அவருக்குச் செவிசாய்க்க நேரமில்லாமற்போன கதை ஒன்றும் அக்காட்டுக்கு உண்டு. 1970கள் வரை இங்கே கூப்பு முறையில், அதாவது காட்டைத் துண்டுகளாகப் பிரித்து முறைவைத்து அடியோடு வெட்டும் முறையில், மரம் எடுக்கப்பட்டது. வெயில் நேரே பட்ட சேற்றுநிலம் ஈரமிழந்து, உள்வாங்கி, தாம்பாளமாகக் குழிந்துபோக, அதில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு மிகுந்து, எந்த மரமும் முளைக்காத பொட்டலாயிற்று. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அப்பகுதி மக்களோடு சேர்ந்து 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்தபின், வெண்கண்டல் நாற்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது இக்காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்தது. அதில் காட்டின் பங்கு எவ்வளவு, கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவின் பங்கு எவ்வளவு என்று அறிவியலாளர் பின்னர் வாதிட்டனர், ஊர்மக்கள் வாதிடவில்லை.

ஊர் திரும்பியபின் வனவாசி இரண்டு பதிப்புகளாகப் பிரிகிறார். பிச்சாவரம் போகாதவரிடம், இருண்ட காடு, அடிகாணா ஆழம், கண்ணைப் பறிக்கும் நச்சுமரம் என்று விவரிப்பார். தீபாவளிக்குள் அதில் ஒரு பாம்பும், பொங்கலுக்குள் கவிழ்ந்த படகும் சேர்ந்துவிடும். போய்வந்தவரிடம் இச்சரக்கு விலைபோகாது என்பதை அறிந்தவராதலால், உதட்டைப் பிதுக்கி, "என்ன இருக்கு அங்க? தண்ணியும் மரமும்தான். நார்வே மாதிரி வராது" என்று முடித்துவிடுவார். இரண்டு பதிப்பும் ஒரே தேநீர்க் கடையில், ஒரே மாலையில், கால்மணி இடைவெளியில் வெளிவருவதும் உண்டு.

பிச்சாவரம் செல்லவிருப்போர் துடுப்புப் படகையே கேட்டு வாங்க வேண்டும். வெயில் ஏறுமுன், முடிந்தால் வலசைப் பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நாள்களில் செல்ல வேண்டும். பாட்டையும் பொட்டலங்களையும் வேனிலேயே விட்டுவிட்டு, படகோட்டி பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இவ்வேண்டுகோள் நல்லூர் வனவாசிக்குப் பொருந்தாது. அவர்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாரே.