நல்ல தண்ணீரைக் கொட்டுகிறவர்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிப்ரவரி பிற்பாதி வந்துவிட்டால் ஒரு வகை மனிதர் மணிக்கொரு தரம் வானிலை அறிக்கை பார்க்க ஆரம்பிப்பார். இரவில் உறைபனி, பகலில் கொஞ்சம் வெயில் என்று மாறி மாறி வந்தால்தான் மேப்பிள் மரம் சாறு விடும். மரத்தில் துளை போட்டு, மூக்குக் குழாய் செருகி, வாளி மாட்டி, விழுகிற சாற்றைக் காய்ச்சிப் பாகெடுப்பது அந்த ஊர் வழக்கம். ஆயிரக்கணக்கில் மரம் வைத்துக்கொண்டு இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பைப் பார்க்கிறவர்கள், கேலிக்கு ஆகமாட்டார்கள். நம்மாள் வேறு. அவருக்கு வீட்டைச் சுற்றி இருபது முப்பது மரம், வயிற்றுப்பாட்டுக்கு ஓர் உத்தியோகம், பொறுமையான ஒரு மனைவி, பின்னால் ஒரு கராஜ். கராஜில் கார் இல்லை. ஆர்.ஓ. இருக்கிறது. அவரே செய்தது.

அந்த ஆர்.ஓ. அவர் வீட்டுக்குள் வந்த கதைக்குக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். மேப்பிள் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். நம் பதநீரில் பத்துக்கு மேல் இருக்கும். பனையேறி ஒருவரிடம் இந்த 2 விழுக்காட்டைச் சொன்னால், அந்த மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டு வேறு வேலை பார்க்கச் சொல்வார். அங்கே '86 விதி' என்று ஒன்று உண்டு. 86ஐச் சாற்றின் சர்க்கரை விழுக்காட்டால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று வந்துவிடும். 2 விழுக்காடு என்றால் 43 லிட்டர். அதில் 42 லிட்டரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்ப வேண்டும்.

நம்மாள் முதல் வருஷம் அதைச் சமையலறைக்கு அனுப்பினார். அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்து, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துக் காய்ச்சினார். இரண்டாம் நாள் சுவரில் ஒட்டியிருந்த வால்பேப்பர் மேல் மூலையிலிருந்து தானாகக் கழன்று குனிய ஆரம்பித்தது. மனைவி வார்த்தை எதுவும் சொல்லாமல் அதைக் கைகாட்டினார். அடுத்த வருஷம் அடுப்பு தோட்டத்துக்குப் போயிற்று. கான்கிரீட் கற்களை அடுக்கி, மேலே தட்டையான எவர்சில்வர் தட்டு வைத்து, விறகு. விடிய விடிய விறகு. பனியில் முதுகு உறையும், முகம் வேகும். இந்த நிலையில் ஒரு மனிதனுக்கு இரண்டு வழிதான் உண்டு. கடையில் ஒரு பாட்டில் வாங்கலாம், அல்லது பொறியாளர் ஆகலாம்.

அவர் பொறியாளர் ஆனார்.

ஆர்.ஓ. என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சமையலறைச் சுவரில் தொங்கியபடி நல்ல தண்ணீரைக் குடத்திலும் ரிஜெக்ட் வாட்டரை வாளியிலும் விடுகிற அதே சாதனம்தான். அதே மெம்பிரேன், அதே வெள்ளை ஹவுசிங், அதே குட்டிப் பம்ப். நாம் குடத்தை உள்ளே எடுத்து வைக்கிறோம். வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் பாத்ரூம் கழுவுகிறோம். நம்மாளுக்கு வாளியில் விழுவதுதான் உயிர், ஏனென்றால் சர்க்கரையெல்லாம் ரிஜெக்டில்தான் நிற்கும். சவ்வைத் தாண்டி வருகிற பளிங்கு போன்ற தண்ணீரை, மெம்பிரேன் கழுவக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பனியில் கொட்டிவிடுவார். சென்னையில் ஒரு கோடை கழித்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருப்பது நெஞ்சுக்கு நல்லது.

இந்தச் சவ்வுக்கு வழிபோட்டவர்களில் ஒருவர் பெயர் நமக்கு அந்நியமில்லை. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், உப்பு நீரைக் குடிநீராக்கச் சரியான சவ்வைக் கண்டுபிடித்தவர்கள் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். சௌரிராஜன் பிறகு கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து ஒட்டாவாவுக்குப் போனார். அதுவும் மேப்பிள் நாடுதான். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பேர் வைத்த ஒருவருடைய வேலையால் வெர்மான்டில் பாகு இறங்குகிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். 1970களில் பெரிய உற்பத்தியாளர்கள் ஆர்.ஓ.வைக் கையில் எடுத்தார்கள். நம்மாள் கராஜுக்கு அது பிற்பாடு, பிரித்த டப்பாக்களில் துண்டு துண்டாக வந்தது.

இயந்திரத்தை அவர் ஒரு பலகையில் திருகி மாட்டியிருப்பார். வாளியிலிருந்து சாறு வடிகட்டிக்குப் போய், அங்கிருந்து பம்ப், பம்பிலிருந்து முதல் மெம்பிரேன், அதன் ரிஜெக்ட் இரண்டாவதுக்கு, இரண்டாவதன் ரிஜெக்ட் மூன்றாவதுக்கு. கடைசியில் ஒரு நீடில் வால்வு, பக்கத்தில் பிரஷர் கேஜ். சூட்சுமம் முழுதும் அந்த வால்வில்தான். வெளியே போகிற வழியை இறுக்கினால்தான் உள்ளே அழுத்தம் ஏறும். விருந்தாளி முன்னால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் திருகுவார். முள் 60க்கு ஏறும், 80க்கு ஏறும். 90ஐத் தொடும்போது மூன்றாவது ஹவுசிங்கின் முழங்கை மூட்டில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். பம்பை நிறுத்தி, டெஃப்லான் டேப் சுற்றி, மறுபடி போடுவார். இப்போது இரண்டாவது ஹவுசிங். குழாய்களின் பின்னல் எப்படிப்பட்டதென்றால், எதில் எது ஓடுகிறது என்று அதைப் பின்னியவருக்கே நிச்சயமில்லை. ஆகவே ஒழுகலை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். இனித்தால் ரிஜெக்ட் லைன், சப்பென்றிருந்தால் நல்ல தண்ணீர் லைன். ருசி பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கிற பிளம்பர் உலகத்தில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

மெம்பிரேன் டப்பாவின் மேல் ஒரு நாளைக்கு இத்தனை கேலன் என்று போட்டிருப்பதை நம்பி அவர் போட்ட கணக்கு முதல் இரவே உதைக்கும். அந்த எண் 25 டிகிரித் தண்ணீருக்கு. அவருடைய சாறு அப்போதுதான் பனிக்கட்டியாக வேண்டாமென்று மனம் மாறிய சாறு. அந்தக் குளிரில் சவ்வு ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் வேலை செய்யும். சூடாக்கலாமென்றால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஆக ராத்திரி முழுக்கக் கராஜில் பம்ப் முனகும், இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த அடி இயற்பியலிடமிருந்து. 2 விழுக்காட்டை 4 ஆக்கினாலே பாதித் தண்ணீர் போய்விடும், விறகும் பாதி மிச்சம். புத்தியுள்ளவர் அங்கே நிறுத்துவார். இவர் 8 ஆக்குவார். அப்புறம் 20க்கு ஆசைப்படுவார். சாறு கெட்டியாக ஆகச் சர்க்கரையே தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். 8 விழுக்காட்டில் அந்த இழுப்பு மட்டும் சுமார் 80 பி.எஸ்.ஐ. இவருடைய பம்ப் தருவது 100. பெரிய ஆலைகளின் இயந்திரம் பல நூறு பி.எஸ்.ஐ.யில் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாலும் நம்மாள் ஒப்புக்கொள்ளமாட்டார். இன்னொரு மெம்பிரேன் சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்.

காலையில் மெம்பிரேன்களைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். உறைந்தால் கிழிந்துபோகும். மார்ச் மாதம் அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால், தக்காளிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே பிளாஸ்டிக் பையில், தண்ணீரில் மிதந்தபடி மூன்று வெள்ளை உருளைகள் இருக்கும். அவற்றை ஃபிரீசருக்கு மாற்றிவிடுவேன் என்று மனைவி ஒருமுறை சொன்னது பயமுறுத்தலா வேடிக்கையா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு எதிர்வீட்டில் கட்டாயம் ஒரு பெரியவர் இருப்பார். நெருப்பில் நாள் முழுக்கக் கிடந்து காய்ந்தால்தான் பாகுக்கு மணம், மெஷினில் போட்டது பாகே இல்லை என்பது அவர் கட்சி. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் இரண்டையும் காய்ச்சி ஒப்பிட்டுப் பார்த்தது. மிதமாகச் செறிவாக்கிய சாற்றில் சொல்லும்படியான சுவை வேறுபாடு தெரியவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளும் சாற்றை இரவில் வெளியே வைத்து, மேலே உறைகிற ஐஸை எடுத்தெறிந்து பாதி வேலையை முடித்தவர்கள்தான். நம்மாள் இந்த இரண்டு வாதங்களையும் ஒவ்வொரு வருஷமும் வேலிக்கு மேலாக எடுத்து வீசுவார். பெரியவர் கேட்டுக்கொண்டு, மெஷின் பாகில் ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்து, "ம்" என்பார். அந்த 'ம்'முக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடியாது.

இத்தனைக்கும் பிறகு மனிதர் சீக்கிரம் தூங்கப் போகிறாரா என்றால், இல்லை. காய்ச்சும் நேரம் பாதியானதும் அவர் செய்த முதல் காரியம், பக்கத்துத் தோப்பில் அனுமதி வாங்கி இன்னொரு மடங்கு மரங்களில் துளை போட்டதுதான். இப்போது பழையபடி அதே நேரம் அடுப்படியில் நிற்கிறார், கூடுதலாக இயந்திரத்தையும் கழுவுகிறார். செறிவாக்கிய சாறு சீக்கிரம் கெடும் என்பதால் நாளைக்குக் காய்ச்சலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை. ஏப்ரலில் மொட்டு வீங்கிச் சாற்றில் ஒரு கெட்ட வாடை ஏறும்போதுதான் அவருக்கும் அந்த வீட்டுக்கும் விடுதலை.

அந்தப் பக்கம் மார்ச் மாதத்தில் போக நேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் நீட்டுகிற குட்டி பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பாகு நிஜமாகவே அருமையாக இருக்கும். அதன் அடக்க விலையை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், மெம்பிரேன் எத்தனை கேலன் என்று உடனே கேட்பார். கிளம்புவதற்கு முன் ஸ்டிக்கரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.