கண்ணாடிக்கு ஒரு கை

1997-இல் பொங்கலூர் ஸ்டுடியோ ஒன்றில் உதவிக்குச் சேர்ந்தபோது, மாஸ்டர் என்னிடம் முதலில் கொடுத்தது கேமராவை அல்ல, கறுப்பு ரப்பர் ஹூடை. நிக்கான் எஃப்எம்10 லென்ஸின் முகப்பில் அதைத் திருகி மாட்டுவது என் வேலை. எதற்கு என்று கேட்டேன். "வெயில்ல தூரத்தப் பாக்கோணும்னா நெத்தியில கைய வெக்கறமல்ல கண்ணு? இதுக்குக் கை இல்ல. நாமதான் வெக்கோணும்."

ஒரு கல்யாணத்தில் அதைப் பையிலேயே விட்டுவிட்டேன். இணைச்சீர் என்ற சடங்கு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் அவருடைய அக்கா, எதிரே சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர். பக்கவாட்டில் வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு. ரோலில் 36 படம்தான், ஒரு சீருக்கு இரண்டு கிளிக் என்பது கணக்கு. திருப்பூர் லேபிலிருந்து பிரிண்ட் வந்தபோது இரண்டிலும் மோர் ஊற்றியதுபோல் வெளுப்பு. அக்காவின் கன்னத்தில் பச்சையாக ஒரு பொட்டு, லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. மாஸ்டர் திட்டவில்லை. அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக்கா பிரிண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இன்றும் எனக்கு வலிக்கிறது.

இப்போது காற்றாலைப் பக்கம் அவுட்டோர் போனால், "சூரியன் உள்ள வர்ற மாதிரி வேணுங்ணா" என்று பெண்ணே கேட்கிறாள். வராவிட்டால் கம்ப்யூட்டரில் சேர்த்துத் தருகிறேன், அதற்குக் காசும் வாங்குகிறேன். அந்த வெளிச்சம் எனக்கும் பிடிக்கும். 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் பி.சி.ஸ்ரீராம் வைத்த எதிர்வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஹூடை நானே கழற்றிவிடுவேன்.

மண்டபத்துக்குள் அப்படியில்லை. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, இரு புறமும் வீடியோ லைட். "இப்பத்தான் எல்லா லென்ஸ்லயும் கோட்டிங் இருக்கேண்ணா" என்கிறார்கள் பையன்கள். இருக்கிறது. 1935-இலேயே ஜெய்ஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா என்பவர் கண்டுபிடித்தது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், நல்ல பூச்சு அதை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். ஆனால் ஜூம் லென்ஸுக்குள் கண்ணாடிகள் ஒன்றா இரண்டா? முகப்பில் ஒரு விரல்ரேகை பட்டாலே வெளிச்சம் சிதறிவிடும். சூரிய வெளிச்சம் சிதறும் அந்த ஃபிளேரைப் பிறகு சேர்க்கலாம். வெளுத்துப்போன முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

போன முகூர்த்தத்தில் என் உதவிப் பையன் ஹூடைத் தலைகீழாக மாட்டியபடியே படம் எடுத்துக்கொண்டிருந்தான். பைக்குள் அடங்குவதற்காக அப்படி மாட்டி வைப்பது வழக்கம், திருப்ப மறந்துவிட்டான். கேமராவை வாங்கி, ஹூடைத் திருப்பி, நீள இதழ்கள் மேலும் கீழும் வரும்படி 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை திருகிக் கொடுத்தேன். இதழ் மாறி நின்றால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், ஹூடின் உள்பக்கம் மஞ்சளரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை.