முதலில் சிப், பிறகு ஊசி

கேள்வி: ஜெர்மனிக்கு நாயைக் கூட்டிப்போக மாதக்கணக்கில் காகித வேலையா? ஊசிதான் போட்டாயிற்றே! - வாசகர், சேலையூர்

பதில்: போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்பதற்கு யார் சாட்சி? அதனால்தான் 15 இலக்க மைக்ரோசிப் முதலில், வெறிநோய்த் தடுப்பூசி பிறகு. வரிசை மாறினால் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஊசியைக் கணக்கில் எடுக்காது. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சொல்ல வேண்டும். தேறிய பிறகும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு எதற்கு என்பீர்கள். ஊசிக்கு முன்பே கடிபட்டிருந்தால் நோய் வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதை ரத்தம் காட்டாது, காலம்தான் காட்டும். தெருவுக்குத் தெரு நாய்கள் உலவும் ஊர்க்காரர்கள் நாம், கோபித்துக்கொள்ள முடியாது. நல்லவேளை, ஏற்றுமதிச் சான்று தரும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில். நடுவில் மேடவாக்கம் நெரிசல் இருக்கிறது. அதற்குத்தான் தடுப்பூசி இல்லை.