எறும்புக்கு எத்தனை எம்எம்?

அந்தக் காலத்தில் மேக்ரோ லென்ஸ் தேர்ந்தெடுப்பது ரொம்பச் சுலபம். கடையில் இருக்காது. இருந்தாலும் கையில் காசு இருக்காது. ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

எண்பதுகளின் கடைசியைச் சொல்கிறேன். என்னிடம் இருந்தது பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பழைய பெண்டாக்ஸ் கே1000. அதில் பேட்டரியால் அசைவது ஒரே ஒரு முள்தான். வெளிச்சம் போதுமா போதாதா என்று அது சொல்லும். மற்றதெல்லாம் நம் விரல் வேலை. கூடவே வந்தது ஒரு 50 எம்எம் லென்ஸ். கல்யாணம், காதுகுத்து, மெரினாவில் மனைவி என்று ஒரு குடும்பஸ்தன் எடுக்க வேண்டிய எல்லாவற்றையும் அதாலேயே எடுக்கலாம் என்று விற்றவர் சொன்னார். எறும்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

எறும்பு ஆசையைக் கிளப்பியது ஒரு பழைய வெளிநாட்டுப் போட்டோ பத்திரிகை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அல்லிக்குளத்துக்கு இடம்பெயர்ந்த பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் அட்டை கிழிந்து கிடந்தது. மேக்ரோ லென்ஸ் விளம்பரங்களையெல்லாம் தாண்டி, காசில்லாதவர்களுக்கென்று போட்டிருந்த ஓர் அரைப் பக்கத்தில் வந்து நின்றேன். இருக்கிற லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டு, அது கிட்டத்தில் பார்க்கும் என்றது அந்த அரைப் பக்கம். யோசித்தால் நியாயம்தான். சாதா லென்ஸ் தூரத்தில் இருக்கும் பெரிய பொருளைப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஃபிலிமில் சுருக்கிப் போடுவதற்காகச் செய்தது. எறும்பு விஷயத்தில் பொருள் சின்னது, அதுவும் மூக்குக்கு நேரே இருக்கிறது. கணக்கு தலைகீழானால் லென்ஸும் தலைகீழாக நிற்க வேண்டியதுதானே. 50 எம்எம்மைத் திருப்பினால் எறும்பு ஃபிலிமில் கிட்டத்தட்ட அசல் அளவுக்கே விழும்.

திருப்பி மாட்ட ஒரு வளையம் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். கேமராவின் வாயை மூடுகிற பிளாஸ்டிக் மூடியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, கண்ணாடி உடைந்த 49 எம்எம் ஃபில்டரின் வளையத்தை அதன்மேல் அரால்டைட்டால் ஒட்டிக் கொடுத்தார்.

“எதுக்கு சார் இது?”

“எறும்பைப் படம் பிடிக்க.”

“எறும்பையா?” கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். “வீட்ல புள்ளைங்க யாரும் இல்லையா சார்?”

காசு வாங்கிக்கொள்ளவில்லை. பரிதாபம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

தாம்பரத்தில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். அதில் முசுறுகள் கூடு கட்டியிருந்தன. இலைகளை இழுத்துப் பிடிக்க ஒரு கூட்டம் வரிசையாக நிற்கும். இன்னொரு கூட்டம் தங்கள் குஞ்சுப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவை விடும் பட்டு நூலால் இலையோடு இலையை ஒட்டும். தையல்காரன் ஊசியைக் கொண்டுபோவது போலவே புழுவை அங்குமிங்கும் கொண்டுபோகும். இதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றும். முசுறுக்குத் தோன்றாது.

திருப்பி மாட்டிய லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பெரிய பிரயோஜனமில்லை. உடம்பே முன்னும் பின்னும் ஆட வேண்டும். லென்ஸுக்கும் எறும்புக்கும் நடுவே அரை சாண்தான். அப்பர்ச்சர் வளையமோ இப்போது எறும்புப் பக்கம் போய்விட்டது. அதை முழுக்கத் திறந்துவைத்தால்தான் வியூஃபைண்டரில் ஏதாவது தெரியும். ஃபோகஸ் கிடைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், விரலால் தடவி க்ளிக் க்ளிக் என்று எண்ணி 11க்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் வியூஃபைண்டர் இருட்டிவிடும், எறும்பு நகர்ந்துவிடும், வேறொன்று லென்ஸின் திறந்த பின்கண்ணாடிமேல் ஏறி நடந்துகொண்டிருக்கும், மூன்றாவது ஒன்று என் கழுத்தைக் கண்டுபிடித்திருக்கும். முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். லென்ஸ் முனையிலிருந்து பொருள் வரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்ற பாடத்தை எனக்கு எந்தப் பத்திரிகையும் நடத்தவில்லை. முசுறுகள் நடத்தின.

பழகுவதற்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு-வெள்ளைச் சுருள், நிஜமாக எடுப்பதற்குக் கலர். 36 படம் முடிந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும். எறும்புக்கென்று முழுச் சுருளை ஒதுக்கும் வசதி இல்லாததால் நடுவில் யாராவது பிறந்தநாள் கொண்டாட வேண்டும். ஸ்டுடியோக்காரர் பிரிண்டுகளை நீட்டும்போது, “பர்த்டே நல்லா வந்திருக்கு சார். மத்ததெல்லாம் ஷேக். அதுக்குக் காசு போடல” என்பார். அந்த ‘மத்தது’தான் நான் எடுத்தது. பர்த்டே எடுத்தது மச்சான்.

அப்படிக் காசு போடாத பிரிண்டுகளில் ஒன்றைப் பல வருஷம் கழித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓர் இலை விளிம்பில் முசுறுகள். ஓரமாக நிற்கும் ஒன்றுக்கு மட்டும் கால் எட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கி வைத்துக்கொண்டு, தலையின் இருபுறமும் எறும்புக் கண்போல இரண்டு கறுப்புப் புள்ளிகளோடு, முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முசுறு என்றால் பல பூச்சிதின்னிகள் கிட்டே வராது, அந்தப் பயத்தை இது இரவல் வாங்கியிருக்கிறது. படம் எடுத்த எனக்கு எடுத்தது என்னவென்று தெரியவில்லை. ஷேக் என்று சொன்ன ஸ்டுடியோக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை, அது ஷேக்தான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் எழுதப்போவதாக நினைத்தால் தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். ஏழ்மையை அழகுபடுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராவின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு யானைகளை எடுத்தார் என்றால் அவர் கிருஷ்ணன். நான் அரால்டைட் மூடியோடு பிறந்தநாட்களுக்காகக் காத்திருந்தவன்.

இப்போது காசு இருக்கிறது. ஓய்வு பெற்றபோது மகன் ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கிக் கொடுத்தான். வியூஃபைண்டர் இருட்டுவதில்லை. அப்பர்ச்சரை எவ்வளவு மூடினாலும் அதுவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. ஃபோகஸ் விழுந்த விளிம்பெல்லாம் சிவப்பாக மினுங்குகிறது. ஒரு பட்டனை அமுக்கினால் எறும்பின் தலை மட்டும் பெரிதாகிக் கண் முழுக்க நிறைகிறது. சிலந்தியின் வேஷத்தை இப்போது படம் எடுக்கும் முன்பே கலைத்துவிடலாம். லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்தப் பாக்கியில் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

சோனியின் 90 எம்எம் 2015லிருந்து இருக்கிறது. சிக்மாவின் 105 எம்எம் 2020இல் வந்தது. லாவாவின் 90 எம்எம் அசல் அளவைப்போல் இரண்டு மடங்கு வரை போகிறது, ஆனால் ஆட்டோஃபோகஸ் கிடையாது, அப்பர்ச்சரையும் கையால்தான் திருக வேண்டும். அதாவது நான் இலவசமாகப் பட்ட கஷ்டத்தை இப்போது நல்ல விலைக்கு விற்கிறார்கள். டாம்ரான் 1979லிருந்தே 90 எம்எம் செய்து வருகிறது, மிரர்லெஸ்ஸுக்கென்று 2024இல் புதிதாக ஒன்று கொண்டுவந்தது. போதாக்குறைக்கு சோனி மிரர்லெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டி இல்லாததால் லென்ஸ் மாட்டும் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவே 18 எம்எம்தான் இடைவெளி. என் பெண்டாக்ஸில் அது 45.46 எம்எம். மிச்சமிருக்கும் இடத்தில் ஓர் அடாப்டரை நுழைத்தால் போன அறுபது வருஷத்தில் உலகம் செய்த மேக்ரோ லென்ஸ் முக்கால்வாசி பொருந்திவிடும். தேர்வு குறையவில்லை, தாத்தா காலம் வரைக்கும் நீண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நன்மங்கலம் காட்டோரம் பூச்சி பார்க்கப் போகும் இளைஞர்களோடு சேர்ந்துகொண்டேன். ஆளுக்கு ஒரு லென்ஸ், ஆளுக்கு இரண்டு அபிப்பிராயம். ஒரு கும்பிடுபூச்சி கிளையில் அசையாமல் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் ஐடி தம்பி படத்தின் மூலையை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினார்.

“பாருங்க அங்கிள், கார்னர் எவ்வளவு ஷார்ப்!”

மூலையில் பூச்சி இல்லை. பச்சையாக ஏதோ இருந்தது, ஷார்ப்பாக இல்லாத பச்சை. அதிலும் அவருக்கு மட்டும் ஏதோ தெரிந்தது.

இந்த மூலை விவகாரத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1956இல் நிக்கான் ‘மைக்ரோ-நிக்கார்’ என்று 5 செ.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. எறும்புக்காக இல்லை, மைக்ரோஃபிலிமுக்காக. ஜப்பானியக் காஞ்சி எழுத்தில் கோடுமேல் கோடு. ரோமன் எழுத்தைத் தாங்கிய லென்ஸில் அது சுருங்கும்போது அப்பிக்கொண்டது. காகிதத்தின் நடுவில் உள்ள எழுத்தும் ஓரத்தில் உள்ள எழுத்தும் ஒரே மாதிரி தெளிவாக விழ வேண்டும் என்பது அந்த லென்ஸுக்குக் கொடுத்த உத்தரவு. தட்டையான பொருளைத் தட்டையாகப் படியெடுக்கிற குணம் அன்றிலிருந்து மேக்ரோ லென்ஸின் ரத்தத்தில் இருக்கிறது. தி.நகர் நகைக்கடைகளின் விளம்பரத்துக்கு ஆரம் எடுப்பவர்களுக்கு அந்தக் குணம் சோறு போடும். உருண்டையான சிலந்தியின் நான்கு மூலைகளைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தவிர, கூர்மையை முடிவுசெய்வது லென்ஸே இல்லை. ஒன்றுக்கு ஒன்று அளவில், அப்பர்ச்சரை 8இல் வைத்து எடுத்தால் ஃபுல் ஃபிரேமில் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர். சிலந்தியின் முன்கண் விழுந்தால் பின்கண் போச்சு. ஆழம் வேண்டுமென்று மூடிக்கொண்டே போனால், கிட்டத்தில் லென்ஸின் 11 கிட்டத்தட்ட 22 ஆக வேலை செய்யும், வெளிச்சம் இரண்டு ஸ்டாப் போகும், சின்ன ஓட்டையில் ஒளி சிதறி எல்லாமே கொஞ்சம் மங்கும். அந்த மங்கலில் விலை உயர்ந்த லென்ஸும் விலை குறைந்த லென்ஸும் சமபந்தி போஜனம். ஆட்டோஃபோகஸும் அப்படித்தான், இந்த நெருக்கத்தில் எல்லோரும் என்னைப்போல முன்னும் பின்னும் ஆடத்தான் செய்கிறார்கள். பனியில் உறைந்து உட்கார்ந்த தும்பியை அடுக்கடுக்காக ஃபோகஸ் மாற்றி எடுத்துச் சேர்ப்பவருக்கு அது உபயோகம். முசுறு எனக்காக உறைந்து நிற்காது.

ஆக நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரே எண்ணை. அதை எந்தக் கடைக்காரரும் நேராகச் சொல்வதில்லை. சோனி 90 எம்எம் லென்ஸின் பெட்டியில், குறைந்தபட்சத் தூரம் 28 செ.மீ. என்று தாராளமாகப் போட்டிருக்கும். அது சென்சாரிலிருந்து அளந்தது. கேமரா உடம்பையும் 13 செ.மீ. லென்ஸையும் கழித்தால் எறும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சுவது 13 செ.மீ. சொச்சம். ஹூடையும் மாட்டினால் அதிலும் குறையும், வெளிச்சமும் மறையும். 50 எம்எம் மேக்ரோ இலேசு, விலையும் குறைவு, ஆனால் 16 செ.மீ.யில் தொடங்கிக் கழித்தால் மறுபடி அரை சாணுக்குள் வந்து நிற்க வேண்டும். என் கழுத்துக்கு ஞாபகசக்தி அதிகம்.

கடையில் இதைக் கேட்டபோது விற்பனைப் பையன் மரியாதையாக, “சார் எதுக்கு யூஸ் பண்ணப்போறீங்க, புராடக்டா, ஜுவல்லரியா?” என்றான்.

“எறும்பு.”

“எறும்புன்னா மொபைலே போதும் சார். இப்ப மேக்ரோ மோடு எல்லாத்துலயும் வருது” என்று தன் போனை எடுத்துக் காட்டினான். அவன் வீட்டுச் சுவரில் ஊர்ந்த எறும்பு. ஷேக் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய என் ஸ்டுடியோக்காரர் அதற்குத் தாராளமாகக் காசு போட்டிருப்பார். சுவரெறும்பு கடிக்காது, போனை இரண்டு செ.மீ. வரை கொண்டுபோகலாம் என்று அவனிடம் வாதாடுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் நடந்த கடைசி விசாரணையில், “ஏங்க, இதே எறும்பைத்தானே அப்பவும் எடுத்தீங்க?” என்று கேள்வி வந்தது. புது லென்ஸின் விலையை அவளிடம் சொல்லும் தைரியம் அதோடு போனது. பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஃபிளாஷுக்கு. அதன் வெளிச்சத்தைப் பரப்ப, கல்யாண வீட்டில் மிஞ்சிய தெர்மாகோல் தட்டை வளைத்து முன்னால் கட்டியாயிற்று. மேக்ரோவில் படத்தை மாற்றுவது இந்தத் தட்டுதான் என்பது என் கட்சி. மின்னும் எறும்பு முதுகில் வெள்ளைப் பொட்டு விழாமல் காப்பாற்ற எந்தக் கம்பெனி லென்ஸாலும் முடியாது. மறு பாதி செகண்ட் ஹேண்ட் 90க்கு. செகண்ட் ஹேண்டுக்கு அலைய வேண்டியதில்லை. அடுத்த லென்ஸ் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் முந்தைய லென்ஸ் எப்போதும் விற்பனைக்கு இருக்கிறது.

மூலை காட்டிய ஐடி தம்பிதான் விற்றார். இரண்டு மடங்கு பெரிதாக்கும் லாவாவுக்கு மாறுகிறாராம். பெட்டி, பில், ஹூட் எல்லாம் கசங்காமல் இருந்தன. முன்கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, ரப்பரில் ஒரு மண் துகள் இல்லை.

“நல்லா வெச்சிருக்கீங்க தம்பி. அதிகமா என்ன எடுத்தீங்க இதுல?”

“வெளியில அதிகம் எடுத்துட்டுப் போகல அங்கிள். சுவத்துல தினத்தந்தி ஷீட்டை விரிச்சு ஒட்டி டெஸ்ட் பண்ணினேன். வரி விளம்பரம் கூட ஓரம் வரைக்கும் படிக்கலாம், அவ்வளவு ஷார்ப்!”

1956இல் அந்த லென்ஸைச் செய்தவர்கள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னேன்.