ஏத்தங்காயா, அதிமதுரமா?

கேள்வி: மூட்டுவலிக்கு மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. ஏத்தங்காய் தின்னச் சொல்கிறாள் ஆச்சி. அதிமதுரம் என்கிறார் வைத்தியர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கருங்கல்

பதில்: வலி மாத்திரை வலியை மட்டும் அடக்குவதில்லை. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. கள்ளனைப் பிடிக்கப் போன போலீஸ், காவல்காரனையும் உள்ளே தள்ளிய கதை.

ஆச்சிக்குச் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. 1984-ல் அங்கே நம் ஏத்தங்காய் போன்ற காய்வாழையை உலர்த்திப் பொடித்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் புண் வராமல் தடுத்தது. வந்த புண்ணையும் ஆற்றியது. பழுத்ததற்கு அந்தக் குணம் இல்லை. உடனே கருங்கல் சந்தைக்கு ஓடி உப்பேரிப் பொட்டலம் வாங்கிவிடாதீர்கள் அண்ணாச்சி! எலிகள் தின்றது தேங்காயெண்ணெயில் பொரித்ததை அல்ல. தவிர, எலிக்கு ஆனதெல்லாம் நமக்கும் ஆகும் என்று கட்டாயமில்லை.

வைத்தியர் கட்சியும் இளைத்ததல்ல. அதிமதுரத்தின் சத்திலிருந்து செய்த கார்பினாக்ஸலோன், 1960-களில் வயிற்றுப்புண்ணுக்கு டாக்டர்களே எழுதிக்கொடுத்த மருந்து. ஆனால் அதிமதுரத்தை நாள்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர்காரர்களுக்கு அது தித்திக்கும் வில்லங்கம்.

ஏத்தங்காய்த் துவரனைச் சோற்றோடு தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால் மட்டும் ஆச்சியிடம் யோசனை கேட்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். துணைக்கு ஆச்சி வருவாள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.