மாமனாரின் பிளிமத்

பெங்களூரு ஃபிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள்: "என்ன விலைக்குப் போகும்?" வீட்டைப் பற்றி இல்லை. ஃபிரேசர் டவுனில் வீட்டு விலை கேட்கும் தைரியம் இப்போது யாருக்கும் கிடையாது. போர்டிகோவில் நிற்கும் 1949 மாடல் பிளிமத் சபர்பன் ஸ்டேஷன் வேகனைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

வண்டி என் மாமனாருடையது. ஊருக்குக் கப்பலேறிய சிக்மகளூர் காபித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அவருடைய அப்பா வாங்கியது. விலை கேட்டவரை மாமா உட்காரவைத்து, காபி கொடுத்து, சரித்திரத்தில் தொடங்குவார். அந்தக் காலத்து அமெரிக்க வேகன்களுக்குப் பின்பாதி நிஜ மரம். விடாமல் வார்னிஷ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணக் குடும்பக் கார் வரிசையில் முழுக்க எஃகில் வேகன் செய்து முதலில் இறக்கியது பிளிமத். (அதற்கு முன்பே 1946இல் வில்லிஸ் ஜீப்காரர்கள் எஃகு வேகன் செய்துவிட்டார்கள். இதை மாமா சொல்ல மாட்டார், நான்தான் சொல்கிறேன்.) பிற்பாடு அதே அமெரிக்கர்கள் நல்ல எஃகின் மேல் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். "புத்தி கெட்டுப்போச்சு மாப்ளே" என்பார். இதற்குள் வந்தவருக்குக் காபியும் ஆறிவிடும், கேள்வியும் மறந்துவிடும்.

அமெரிக்காவில் பழைய கார்களுக்கு விலைப் பட்டியலே போடுகிறார்கள். கண்காட்சியில் நிறுத்தலாம் என்றால் ஒன்றாம் தரம். ஓடும், ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரியும் என்றால் நான்காம் தரம். எங்கள் வண்டி எதில் சேரும் என்று நான் கேட்டதில்லை. மாமா என்னோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். இங்கே பட்டியல் எதுவும் இல்லாததால் ஆளுக்கொரு விலை. ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒன்று சொன்னார். கப்பன் பார்க் பக்கம் வண்டியை நிறுத்தியபோது செல்ஃபி எடுத்துக்கொண்ட ஐ.டி. இளைஞர் அதைப்போல மூன்று மடங்கு சொன்னார். பழைய இரும்புக்காரரும் ஒரு விலை சொன்னார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர் அவர் மட்டும்தான்.

வரவு கற்பனை என்றாலும் செலவு நிஜம். 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 97 குதிரைசக்தி. சில்க் போர்டு சிக்னலில் அத்தனை குதிரைகளும் நின்ற இடத்திலேயே தீனி தின்னும், லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலை. அந்தப் பெட்ரோலிலும் இப்போது இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. எலெக்ட்ரிக்கல் எல்லாம் ஆறு வோல்ட். ஹெட்லைட் போட்டால், போட்டிருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். சிவாஜிநகர் மெக்கானிக் எதைக் கேட்டாலும் "நாளே பன்னி சார்" என்பார். முன்பு இந்த ஊரில் கதவைத் தட்டும் பேயை ஏய்க்க, வாசலில் "நாளே பா", நாளைக்கு வா என்று எழுதிவைத்தார்களாம். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். மாமாவும் அப்படித்தான் திரும்பி வருவார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சட்டம்தான் சுவாரஸ்யம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டி மூல உருவம் மாறாத கார் 'விண்டேஜ்'. அப்படிப் பதிந்துகொண்டால் பழைய மைசூர் நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். சாதாரணக் காராகவே இருக்கட்டும் என்றால், 2025 ஆகஸ்ட் முதல், 20 வயது கடந்த இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் டாரிஃப் கணக்கோ தனி: அதற்கு 1940 முடிவதற்குள் பிறந்திருந்தால்தான் விண்டேஜ். ஆக எங்கள் பிளிமத் ஒரு மேஜையில் கிழவி, இன்னொரு மேஜையில் குமரி.

இந்த நேரம் பார்த்து ஆடிட்டர் ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்து நீட்டினார். மும்பையில் ஒருவர் 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில வருடம் கழித்து 21 லட்சத்துக்கு விற்றார். சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு வரி கிடையாது என்பது அவர் வாதம். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை: சொந்தமாகப் பயன்படுத்தக்கூடிய கார் என்றால் போதாது, உண்மையில் பயன்படுத்தியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இல்லை, எனவே வரி கட்டு.

மாமா விண்டேஜ் விதி, தீர்ப்பு என்ற இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஓட்டாதேங்கறான் ஒருத்தன். ஓட்டலைன்னா வரிங்கறான் இன்னொருத்தன். விக்கவே போறதில்லைன்னு எவன்கிட்ட மாப்ளே எழுதிக்குடுக்கறது?"

விற்கப்போவதில்லைதான். இருந்தாலும் அன்றிலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லி வாங்கக்கூடப் பிளிமத்தான் போகிறது. இரண்டே கதவு என்பதால் முன்சீட்டை மடக்கி, மாமியாரைக் குனியச் சொல்லிப் பின்னால் ஏற்றுவதற்குள், ஆட்டோவில் போனவர்கள் கொத்தமல்லியோடு திரும்பிவிடுகிறார்கள். எல்லா பில்லையும் மாமா ஒரு ஃபைலில் சேர்க்கிறார். மேலே பெரிய எழுத்தில் 'சொந்த உபயோகம்'. பெட்ரோல் பில்லைவிட, வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர்களின் பில்தான் அதில் அதிகம். இழுத்துக்கொண்டு வந்ததும் உபயோகத்தில் சேருமா என்று ஆடிட்டரைக் கேட்டிருக்கிறோம். நாளே பன்னி என்றிருக்கிறார்.